பிள்ளைத்தாச்சி கேட்ட தண்ணீர்

மேலூர்ப் பண்ணையாரிடம் உச்சவரம்புக்கு மேல் இருந்த நிலத்தை அரசாங்கம் எடுத்து எங்கள் தெருவுக்குப் பிரித்துக் கொடுத்தபோது, தாசில்தார் கையிலிருந்து பட்டாவை வாங்கிய அப்பா முதலில் அதை முகர்ந்து பார்த்தார். படிக்கத் தெரியாது, வேறென்ன செய்வார்? கூலி உயர்வு கேட்டுச் சங்கத்துக் கொடியைத் தூக்கி, அடி வாங்கி, திருச்சி சிறைவரை போய்வந்த மனிதர். பட்டா வந்த வருஷமே மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். நிலம் அம்மாவிடம் வந்தது.

எந்த நிலம் என்று கேட்க வேண்டும். பண்ணைக்குச் சொந்தமானதில் இருப்பதிலேயே கடைசித் துண்டு. வாய்க்கால் அங்கே முடிந்து போகும். அதற்கப்புறம் ஒரு வடிகால், கொஞ்சம் உவர்நிலம், பிறகு கடல். தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று ஊரில் ஒருவர் சமாதானம் சொன்னார். அம்மா விடவில்லை. “இது தானமில்லங்க, எம் மவளோட அப்பா ஜெயிலுக்குப் போயி வாங்குனது. நான் பல்லையும் பாப்பேன், வாலையும் பாப்பேன்” என்றாள்.

பார்த்ததில் மாட்டுக்குக் குறையில்லை. தண்ணீர்தான் இல்லை.

எங்கள் வாய்க்காலில் மேலே இருப்பது மேலூர், கீழே இருப்பது நாங்கள். ஆற்றில் தண்ணீர் குறைவாக வருகிற வருஷத்தில் மேலூர்க்காரர்கள் வாய்க்காலின் குறுக்கே மூங்கில் முளை அடித்து, வைக்கோலையும் களிமண்ணையும் அடைத்து ஒரு தடுப்புப் போடுவார்கள். அதற்குக் கொறம்பு என்று பெயர். தண்ணீர் மட்டம் உயர்ந்து அவர்களுடைய மேட்டு வயலுக்கு ஏறும். அது நியாயம்தான், மேட்டு வயலுக்கு வேறு வழி கிடையாது. வயல் நனைந்ததும் கொறம்பைப் பிரித்துவிட வேண்டும் என்பதும் அதே வழக்கத்தில் சேர்ந்தது. பிரிக்கிற விஷயத்தில்தான் மேலூருக்கு ஞாபகமறதி அதிகம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அத்தனை நிலமும் பண்ணையாருக்கே சொந்தமாக இருந்தவரை இந்த மறதி இல்லை. தலைமடையும் கடைமடையும் ஒரே ஆளுடையது என்றால் தண்ணீர் தானாக இறங்கிவிடுகிறது. கடைமடை எங்கள் பேருக்கு மாறிய வருஷத்திலிருந்துதான் கொறம்பு கெட்டிப்பட்டது. முதல் வருஷப் பயிர் கதிர் தள்ளும் முன்பே கருகியது. இரண்டாவது வருஷமும் அப்படியே போனால் அம்மா மறுபடியும் பண்ணையார் வயலில் கூலிக்கு நடவு இறங்க வேண்டியதுதான். பட்டா பெட்டிக்குள் இருக்கும், அவள் மேலூர்ச் சேற்றில் இருப்பாள்.

தெரு ஆண்கள் போய்ப் பண்ணையாரிடம் கேட்டுப் பார்த்தார்கள். “ஆகட்டும், பாக்கலாம்” என்றார். அவர் வாயால் இல்லை என்று சொல்லிக் கேட்டவர் யாருமில்லை. அம்மா மட்டும் போகவேயில்லை. “அவரு வாசல்ல நின்னு கேட்டதெல்லாம் உங்கப்பாவோட போச்சு” என்று முடித்துவிட்டாள்.

பண்ணையாரைக் கெட்டவர் என்று எழுத என் கை வராது. ஆட்சி மாறியதும் அவர் வேட்டியின் கரையும் மாறியது, அவ்வளவுதான். நிலம் போன வருத்தத்தை யார் முன்னாலும் காட்டியதில்லை. ஆனால் சோறு போடுவதில் அவரை அடித்துக்கொள்ள அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. மந்திரி வந்தாலும் சரி, மாட்டு வியாபாரி வந்தாலும் சரி, மேலூர் வழியாகப் போகிறவர் அவர் வீட்டில் கை நனைக்காமல் போனால் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வராது.

நான் அப்போது தஞ்சாவூரில் ஒரு பாசனப் பயிற்சி நிலையத்தில் உதவியாளர். எங்கள் தெருவின் முதல் பி.ஏ. என்கிற கனம் தலையில் இருந்தது. அந்தப் புரட்டாசியில் அண்டை நாடுகளிலிருந்து அதிகாரிகள் பயிற்சிக்கு வந்தார்கள். மலையில் பிறந்து பல நாடுகளைத் தாண்டிக் கடலுக்குப் போகிற ஆறுகளை எல்லோருமாகச் சேர்ந்து எப்படிக் காப்பது, மேலே காடு அழிந்தால் கீழே என்ன ஆகும், வெள்ளத்தையும் வறட்சியையும் எப்படிப் பங்கு போட்டுக்கொள்வது என்பதுதான் பாடம். அவர்களுக்குப் பேருந்து, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் பார்ப்பதும், போகிற இடத்தில் ஊர்க்காரர்கள் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்வதும் என் வேலை.

பாடம் நடந்ததைவிடச் சண்டை நடந்ததுதான் எனக்கு ஞாபகம். நேபாளத்திலிருந்து வந்த அதிகாரி ஒல்லியான மனிதர், எப்போதும் வாயில் ஒரு கிராம்பு. வங்கதேசத்திலிருந்து வந்தவர் ஒரு பெண் பொறியாளர். பருத்திப் புடவை கட்டி, முழங்கைவரை ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்காருவார். “தண்ணீர் எங்கள் மலையில் பிறக்கிறது. அதை என்ன செய்வது என்று கீழே இருப்பவர்கள் எங்களுக்குச் சொல்வதா?” என்பார் நேபாளத்துக்காரர். “வெள்ளம் வரும்போது மட்டும் முழுசாக எங்களுக்கே அனுப்பிவைக்கிறீர்களே, அப்போது இந்தப் பேச்சைக் காணோம்” என்பார் அந்த அம்மாள். வரைபடத்தின் மேல் இரண்டு பேர் பென்சிலும் மோதிக்கொள்ளும். தேநீர் நேரத்தில் அவரே தன் கிராம்பு டப்பாவை அந்த அம்மாள் பக்கம் தள்ளுவார், அவரும் மறுக்காமல் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். சண்டைக்காரர்களுக்குள் என்ன உபசாரம் என்று நான் நினைத்துக்கொள்வேன். மரமண்டையான எனக்கு அப்போது விளங்கவில்லை.

கல்லணைக்குக் கூட்டிப் போனோம். எல்லோரும் அணையைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அந்த அம்மாள் அணைக்கு முதுகைக் காட்டி நின்று, தண்ணீர் போகிற பக்கம் பார்த்தார். “இது எங்கே போய் முடிகிறது?” என்று என்னைக் கேட்டார்.

“எங்க அம்மா வயலில்” என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது.

“அப்படியானால் அதைக் காட்டுங்கள்.”

கடைசி நாள் பயணத்தில் மேலூர் ஏற்கெனவே இருந்தது. முறை வைத்துத் தண்ணீரைப் பங்கிடுவதில் மேலூர் முன்மாதிரி என்று எங்கள் இயக்குநருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அது மட்டுமல்ல, மத்தியானச் சாப்பாடு பண்ணையார் வீட்டில். கொஞ்சம் கீழே போய் வாய்க்காலின் முடிவையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று நான் கேட்டேன். சாப்பாட்டு நேரம் தவறாது என்றதும் இயக்குநர் சம்மதித்தார்.

விடியலில் கிளம்பி, மன்னார்குடி தாண்டி, சாலை மண்ணாக மாறிய இடத்தில் இறங்கி வரப்பில் நடந்தோம். அம்மா நாற்றங்காலில் இருந்தாள். பக்கத்துக் குட்டையில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடத்தில் மொண்டு வந்து நாற்றின் மேல் தெளித்துக்கொண்டிருந்தாள். தெருப் பெண்கள் எல்லோருமே அன்றைக்கு அந்த வேலையில்தான் இருந்தார்கள். நாற்று உயிரோடு இருந்தது, ஆனால் பறித்து நடுவதற்கு வயலில் ஈரமே இல்லை. வாய்க்காலுக்குள் ஆட்டுக்குட்டி ஒன்று நின்று மேய்ந்தது.

வந்தவர்களை அம்மா ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, “ஏ பாப்பா, ஒனக்குக் கண்ணு எங்க இருக்கு? புள்ளத்தாச்சிப் பொண்ண இந்த வெயில்ல வரப்பு மேல நடக்க வுட்டு அழைச்சிட்டு வந்திருக்கியே” என்றாள்.

“யாரும்மா?”

“அதான், அந்தப் பொடவ கட்டுன பொண்ணு. நடக்குறதப் பாத்தா தெரியல? அஞ்சு மாசம் இருக்கும்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. குமட்டலை அடக்கத்தான் அந்தக் கிராம்பு என்பது அப்போதுதான் புரிந்தது. தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் கேட்டேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். ஐந்தேதான் என்றார். அலுவலகத்தில் சொல்லியிருந்தால் அனுப்பியிருக்க மாட்டார்கள், அதனால் சொல்லவில்லை என்றார்.

அம்மா அவரைக் கருவேல மர நிழலில் உட்காரவைத்து, வீட்டுக்கு ஓடி, ஒரு சொம்பில் நீராகாரமும் கொஞ்சம் பழைய சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொண்டுவந்தாள். அரசாங்க விருந்தாளிக்குப் பழைய சோறா என்று எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் உப்பைக் கலக்கி ஒரே மூச்சில் குடித்தார். சோற்றைக் கையால் பிசைந்து நார்த்தங்காயைக் கடித்துக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டார். “எங்கள் வீட்டிலும் காலையில் இதுதான்” என்றார். “இங்கே வந்த நாளிலிருந்து விடுதியில் கொடுக்கிற எதுவும் எனக்கு இறங்கவில்லை. இதுதான் இறங்கியது.”

நான் இதை அம்மாவுக்குச் சொன்னேன். அம்மாவுக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. என் பி.ஏ.வுக்குக்கூட அவள் அப்படிப் பூரித்ததில்லை.

தண்ணீர் வராவிட்டால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். அம்மா, “இந்த வாரம் வந்தா நட்டுடலாம். வரலன்னா நாத்து முத்திப் போயிடும், மாட்டுக்குத்தான் போடணும். அப்பறம் நான் மேலூருக்கு நடவுக்குப் போவேன், கூலிக்கு” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் மொழிபெயர்த்தேன்.

“நாங்களும் கடைமடைதான் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். எங்கள் நாடு முழுக்க” என்றார் அவர்.

அம்மா அதைக் கேட்டு யோசித்தாள். “நாடே கடைமடையா? பாவம், அவங்க யாருகிட்டப் போயிக் கேப்பாங்க?”

இதையும் நான் மொழிபெயர்த்தேன். நேபாளத்துக்காரர் குனிந்து காலணியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

மேலூரில் பண்ணையார் வாசலுக்கே வந்து வரவேற்றார். “வாங்க ஆபீசரம்மா” என்று என்னையும் அழைத்தார். கேலி பாதி, மரியாதை பாதி. நான் அந்த வீட்டின் கொல்லைப்புறத்தைத்தான் அதுவரை பார்த்திருக்கிறேன், அம்மாவோடு நெல் புடைக்கப் போன நாட்களில். முன்வாசல் வழியாக அன்றைக்குத்தான் நுழைந்தேன். கூடத்தில் வரிசையாக இலை போட்டிருந்தது. வருகிற வழியில் கொறம்பைப் பேருந்தின் சன்னல் வழியாக எல்லோரும் பார்த்திருந்தோம். இந்தப் பக்கம் தண்ணீர் தளும்பி நின்றது, அந்தப் பக்கம் ஆட்டுக்குட்டி மேய்ந்த அதே வறண்ட வாய்க்கால். இயக்குநர் அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கம் இருந்த கோயில் கோபுரத்தைக் காட்டிப் பேசினார்.

பண்ணையாரின் மனைவி இலையில் பரிமாறிக்கொண்டே வந்தவர், அந்த அம்மாள் முன்னால் நின்றார். அவருக்கும் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கணவரிடம் குனிந்து என்னவோ சொன்னார். பண்ணையாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. விருந்தாளியே பெரிசு, அதிலும் பிள்ளைத்தாச்சி விருந்தாளி. எல்லோரும் கேட்கும்படி ஒரு பிரசங்கம் தொடங்கிவிட்டார்.

“எங்க ஊருல ஆறே ஒரு புள்ளத்தாச்சி. ஆடி மாசம் காவேரிக்கு மசக்கைன்னு பொம்பளைங்க எல்லாரும் புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு கிண்டிக்கிட்டுப் போயி படைப்பாங்க. புள்ளத்தாச்சி வாய்வுட்டுக் கேட்டத இல்லன்னு சொல்ற வழக்கமே இந்த மண்ணுல கெடையாது. சொன்னா அந்தக் குடும்பத்துக்கு ஆகாது. நீங்க தூர தேசத்துலேர்ந்து வந்திருக்கீங்க. எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி. மனசுக்கு என்ன வேணுமோ கூச்சப்படாம கேளுங்க. சொல்லுங்க ஆபீசரம்மா அவங்ககிட்ட.”

சொன்னேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். இலங்கையிலிருந்து வந்திருந்த அதிகாரி தங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றார். நேபாளத்துக்காரர் தன் மனைவி பனிக்காலத்தில் மாம்பழம் கேட்ட கதையைச் சொன்னார். அத்தனை நாள் வரைபடத்தின் மேல் ஒத்துப்போகாதவர்கள் இந்த ஒன்றில் ஒத்துப்போனார்கள்.

“எது கேட்டாலுமா?” என்றார் அந்த அம்மாள்.

“நெலாவத் தவுர” என்றார் பண்ணையார்.

“அப்படியானால் அந்தத் தடுப்பைத் திறந்துவிடச் சொல்லுங்கள். காலையில் நான் சாப்பிட்ட வீட்டுக்குத் தண்ணீர் போக வேண்டும்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான்தான் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். மாங்காய் கேட்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இயக்குநர் என்னைப் பார்த்த பார்வையும் அதைத்தான் சொன்னது. அம்மா நாளைக்கும் இந்த ஊர் வழியாகத்தான் சந்தைக்குப் போக வேண்டும் என்பதும் எனக்கு நினைவு வந்தது. பயமாக இருந்தது. ஆனால் அவள் குடத்தோடு நின்றதும் நினைவு வந்தது. ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன்.

பண்ணையார் முகம் சிவந்தது. உடனே சிரித்துச் சமாளித்தார். “ஆகட்டும், பாக்கலாம். மொதல்ல சாப்புடச் சொல்லுங்க” என்றார். நூறு தடவை கேட்ட அதே “ஆகட்டும், பாக்கலாம்”.

அவர் மனைவி பருப்பின் மேல் நெய்யை ஊற்றினார். அந்த அம்மாள் இலைக்குக் கையைக் கொண்டுபோனார், பிறகு இழுத்துக்கொண்டார். இரண்டு கையையும் மடியில் வைத்து, தலையைக் குனிந்து, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

முதலில் பார்த்தவர் நேபாளத்துக்காரர். பாயசத்தை வாய்க்குக் கொண்டுபோனவர், அப்படியே கீழே வைத்துவிட்டுத் தானும் கையை மடியில் வைத்துக்கொண்டார். அவரைப் பார்த்து இலங்கைக்காரர். அவரைப் பார்த்து அடுத்தவர். வரிசை முழுக்கக் கைகள் நின்றன. பண்ணையார் இலை இலையாக நடந்து, “ஏன், காரமா இருக்கா? உப்பு கம்மியா?” என்று கேட்டார். அவர் வீட்டில் பந்தி போட்டு அத்தனை இலையும் தொடாமல் கிடந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவரைப் பார்க்க எனக்கே பாவமாகிவிட்டது.

அவர் மனைவி நெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “நம்ம வீட்டு எலையில ஒரு புள்ளத்தாச்சி கை வெக்காம ஒக்காந்திருக்கா. நான் இந்த வீட்டுக்கு வந்து இப்புடி ஒண்ணப் பாத்ததில்ல” என்றார். பிறகு தணிந்த குரலில், “தண்ணிதானே கேட்டா. தங்கமா கேட்டா?” என்றார்.

பண்ணையார் தோளில் கிடந்த துண்டை உதறினார். வாசலுக்குப் போய், “டேய், கொறம்பப் பிரிங்கடா” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். திரும்பி வந்து, “தொறந்தாச்சு. சாப்புடச் சொல்லு, தாயே” என்று என்னிடம் சொன்னார். முதன்முதலாக ஆபீசரம்மா என்று சொல்லவில்லை. அதற்குள் அவர் மனைவி அந்த இலையை எடுத்துவிட்டு வேறு இலை போட்டு, மோர்ச்சோறும் எலுமிச்சை ஊறுகாயும் வைத்தார். அந்த அம்மாள் மெல்லச் சாப்பிட்டார். எல்லோரும் சாப்பிட்டார்கள். நேபாளத்துக்காரர் இரண்டு தடவை பாயசம் வாங்கினார்.

பேருந்தில் ஏறியதும் இயக்குநர் தவிர மற்ற எல்லோரும் கை தட்டினார்கள். நேபாளத்துக்காரர் எழுந்து நின்று, தண்ணீருக்காக உண்ணாவிரதம் இருந்த தோழிக்குத் தன் வணக்கம் என்றார். அந்த அம்மாள் விழித்தார். “எந்த உண்ணாவிரதம்?” என்றார். பிறகுதான் சொன்னார், தண்ணீர் கேட்டது பாதி விளையாட்டு, அவர் செய்வார் என்று நினைக்கவேயில்லை, சாப்பிடாமல் இருந்தது நெய் வாசனை குமட்டியதால். வாயைத் திறந்தால் இலையிலேயே வாந்தி எடுத்துவிடுவோமோ என்று பயந்துபோய் உட்கார்ந்திருந்தாராம்.

நேபாளத்துக்காரர் தொப்பென்று இருக்கையில் உட்கார்ந்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் வெகுநேரம் நிறுத்தவில்லை. இன்றைக்குவரை மேலூரில் யாருக்கும் இந்த விஷயம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

தண்ணீர் கடைசிவரை போய்ச் சேருவதைப் பார்க்காமல் தஞ்சாவூர் திரும்ப மாட்டேன் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். பிள்ளைத்தாச்சி கேட்டதை மறுக்க இப்போது இயக்குநருக்கும் துணிவில்லை. பேருந்தைத் திருப்பினோம். நாங்கள் சாலையில் போய்விட்டோம், தண்ணீர் நடந்து வர வேண்டுமே. பொழுது சாய்கிற நேரத்தில், முன்னால் வைக்கோல் துரும்பும் நுரையுமாகத் தள்ளிக்கொண்டு அது வந்தது. தெருப் பெண்கள் வாய்க்காலில் இறங்கிக் காலை நனைத்தார்கள். ஒருத்தி குலவையிட்டாள். நேபாளத்துக்காரர் காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றார்.

அம்மா வரப்பிலேயே நின்றாள். நான் ஓடிப்போய் நடந்ததையெல்லாம் மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை, பேருந்து நின்ற பக்கம் பார்த்தாள். “அதெல்லாம் இருக்கட்டும். அந்தப் பொண்ணு மத்தியானம் சாப்புட்டிச்சா?” என்றாள்.

அந்த வாரத்திலேயே நட்டோம்.

விருந்தாளிகள் அவரவர் நாட்டுக்குப் போனபிறகு மேலூர் ஆட்கள் மறுபடியும் மூங்கிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். பண்ணையார் விடவில்லை. “புள்ள பொறக்குற வரைக்கும் அந்தச் சொல்லு நிக்கிதுடா” என்றாராம். முறை வைத்து அவர்கள் வயலுக்கு ஏற்றிக்கொண்டார்கள், முறை முடிந்ததும் பிரித்தார்கள். அது அவருடைய நல்ல மனசா, வீம்பா என்று கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. இரண்டும் அவரிடம் ஒரே இடத்தில்தான் இருந்தன. ஊருக்குப் போகும்போதெல்லாம் பேருந்து நிறுத்தத்தில் என்னைக் கூப்பிட்டு, “என்ன ஆபீசரம்மா, கொழந்த பொறந்துடுச்சா?” என்பார். “இன்னும் இல்லைங்க” என்பேன். “நல்லா பொறக்கட்டும், அவசரமில்ல” என்று போய்விடுவார்.

ஐப்பசி மழை வந்தது, கார்த்திகையும் பரவாயில்லை. மார்கழி பிறந்ததும் மழை சட்டென்று நின்றது. பயிர் கதிர் தள்ளியிருந்தது. இன்னும் ஒரு நனைப்பு வேண்டும், இல்லையென்றால் கதிர் பதராகிவிடும். மேலூரிலும் அதே நிலைமை. அவர்களுக்கும் தண்ணீர் போதவில்லை. கொறம்பை நிரந்தரமாகப் போடச் சொல்லிப் பண்ணையாரை நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் பயிற்சி நிலையத்துக்குத் தகவல் வந்தது. அந்த அம்மாளுக்குக் குறித்த நாளுக்கு முன்பே பிரசவமாகிவிட்டது, பெண் குழந்தை, இருவரும் நலம்.

அந்த வாரம் ஊருக்குப் போகையில் பேருந்தை விட்டு இறங்கும்போதே பண்ணையார் நின்றார். இரண்டு மூன்று மேலூர் ஆட்களும் கூட இருந்தார்கள். “என்னம்மா, பொறந்துடுச்சா?” என்றார். அவர்கள் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

இல்லை என்று சொல்ல எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஒரே ஒரு சொல், எங்கள் தெரு முழுக்கக் கதிர் முற்றிவிடும். ஆனால் பிறந்து கண் விழித்துக் கிடக்கிற குழந்தையைப் பிறக்கவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. எவ்வளவு படித்தாலும் இது மட்டும் போகாது. அந்தச் சொல் அந்தக் குழந்தையைப் போய்த் தாக்கிவிடும் என்று தோன்றியது.

“பொறந்துடுச்சுங்க. பொண்ணு.”

“ரெண்டு பேரும் சொகமா?”

“சொகம்ங்க.”

அவர் தலையாட்டினார். ஆட்களோடு நடந்துவிட்டார். எனக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. “பொறந்த புள்ளய மறைக்கலாமா? சரியாத்தான் சொன்ன” என்றாள். சொல்லிவிட்டு, மூலையில் கவிழ்த்து வைத்திருந்த குடத்தை எடுத்து வாசலில் வைத்தாள். நாளைக்கு வேண்டியிருக்குமே என்று.

காலையில் குடத்தோடு போனோம். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. மூங்கில் முளையோடு ஆட்கள் பண்ணையார் வாசலில் வந்து நின்றபோது அவர் மனைவி வெளியே வந்தாராம். “புள்ள பொறந்துடுச்சுன்னா பெத்தவளப் பட்டினி போடுவீங்களா? பெத்தவளுக்குத்தான் இன்னும் நல்லா பாக்கணும்” என்றாராம். பண்ணையார், “அவ சொல்றதும் சரிதான்” என்று துண்டை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டாராம்.

தை அறுப்பு எங்களுக்கு நன்றாகவே வந்தது. அம்மா புது நெல்லைக் குற்றி, முதல் படி அரிசியை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு, தனியாக மேலூருக்குப் போனாள். எந்த வாசல் வழியாகப் போனாள் என்று நான் கேட்டேன். “நான் முன்வாசல்லதான் நின்னேன். அந்தம்மாதான் உள்ள கூப்புட்டுச்சு” என்றாள். திரும்பி வரும்போது கையில் குழந்தைக்குப் போடுகிற கருவளையல் இரண்டு இருந்தது. அந்தப் பிள்ளைக்கு எப்படியாவது சேர்த்துவிடச் சொன்னாராம்.

எப்படிச் சேர்ப்பது? அம்மா தன் பங்குக்கும் ஒரு பிடி புது அரிசி எடுத்து வைத்திருந்தாள். “கூத்தாநல்லூர்க்காரங்க கப்பல்ல போறாங்களே, குடுத்தா கொண்டுபோயிக் குடுக்க மாட்டாங்களா?” என்றாள். அவர்கள் போவது சிங்கப்பூருக்கு, இது வேறு திசை என்றேன். தபாலில் அனுப்பலாமா என்றாள். எல்லை தாண்டி அரிசியை அனுப்புவதற்கு என்னென்ன அனுமதி வேண்டும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவள் பாதியிலேயே எழுந்துவிட்டாள்.

அரிசியையும் வளையலையும் ஒரு வாழை மட்டையில் வைத்து, ஒரு மஞ்சள் துண்டும் பூவும் சேர்த்து, எங்கள் வயலைத் தாண்டி வடிகால் கடலில் கலக்கிற இடத்துக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். முட்டளவு தண்ணீரில் இறங்கி மட்டையை விட்டாள். அது சுற்றிச் சுற்றி அங்கேயே நின்றது. கையால் தண்ணீரை அளைந்து அளைந்து அதைத் தள்ளிவிட்டாள்.

“அவ ஊரும் இந்தக் கடலோரந்தானே?”

“ஆமாம்மா. இதே கடல்தான்.”

மட்டை மெல்ல நகர ஆரம்பித்தது. அம்மா புடவையைப் பிழிந்துகொண்டு கரையேறினாள். திரும்பி ஒரு தடவை பார்த்தாள்.

“மெதுவாத்தான் போவும்” என்றாள். “அவளும் கடைமடைதானே.”